கேசரிப் பருப்பும் முடங்கிய கால்களும்

கேசரிப் பருப்பு என்றதும் துவரம் பருப்பிலும் கடலை மாவிலும் செய்யப்படும் கலப்படமே மாணவர்களுக்கு நினைவுக்கு வரும். ஆனால் இப்பருப்பின் வரலாறு கடைத்தெருவில் தொடங்குவதன்று. மழை பொய்த்த வயலிலும், தானியமாக அளக்கப்பட்ட கூலியிலும் தொடங்கி, மனித மூளையின் இயக்க நரம்பணுக்களில் சென்று முடிவது அது. ஆகவே இதனை மருத்துவப் பிரச்சினையாக மட்டுமோ, சட்டப் பிரச்சினையாக மட்டுமோ காண்பது போதாது.

மூளையின் புறணியிலுள்ள இயக்க நரம்பணுக்கள் தண்டுவடத்தின் வழியே ஆணைகளை அனுப்புவதால் கைகால்கள் அசைகின்றன. ஓர் அணுவிலிருந்து மற்றோர் அணுவுக்கு ஆணையைக் கொண்டு செல்பவை வேதிப்பொருள்களே. விரைந்து தூண்டும் பணியைக் குளூட்டமேட் என்னும் அமினோ அமிலம் செய்கிறது. அமினோ அமிலங்கள் சில தொடராக இணைந்து உருவாகும் நியூரோபெப்டைடுகள் அத்தூண்டலைக் கூட்டியும் குறைத்தும் ஒழுங்கு செய்கின்றன. அவற்றுள் ஒன்றான ‘பி’ பொருளை ஆய்லர், காடம் ஆகிய இருவரும் 1931-இல் கண்டறிந்தனர். இவையாவும் உடல் தானே ஆக்கி, வேண்டிய அளவில் வெளியிட்டு, பணி முடிந்ததும் அகற்றிவிடும் பொருள்கள். கேசரிப் பருப்பிலுள்ள நச்சுப்பொருளோ இவ்வொழுங்குக்குக் கட்டுப்படாதது.

அப்பொருளை 1964-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராவ், அடிகா, சர்மா ஆகியோர் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் தில்லியில் மூர்த்தி, சேஷாத்திரி, வெங்கிடசுப்பிரமணியன் ஆகியோரும் இதுபற்றிய ஆய்வை வெளியிட்டனர். ஓ.டி.ஏ.பி. எனச் சுருக்கமாக வழங்கப்படும் இந்த அமினோ அமிலம், குளூட்டமேட்டை ஒத்த வடிவுடையது. எனவே குளூட்டமேட்டுக்குரிய ஏற்பிகளில் இது பொருந்திக்கொண்டு நரம்பணுவை ஓயாது தூண்டுகிறது. அணுவினுள் கால்சியம் மிகுகிறது. ஆற்றல் தரும் அமைப்புகளும் பழுதடைகின்றன. கால்களை இயக்கும் நீண்ட நரம்பிழைகளே பெரிதும் பாதிக்கப்படுகின்றன. முழங்கால் விறைத்து, நுனிக்காலால் நடக்கும் நிலை தோன்றுகிறது. பின்னர் ஒரு கோல், இரு கோல், இறுதியில் தவழ்தல் என நோய் முற்றக்கூடும். அறிவு குன்றுவதில்லை, ஆயினும் இழந்த நடையை மீட்டுத் தரும் மருந்து இல்லை. லாத்திரிசம் எனப்படும் இந்நோய் இளம் வயது ஆண்களையே மிகுதியாகத் தாக்கியது என்பது உழைப்பையே நம்பிய குடும்பங்களுக்கு நேர்ந்த இழப்பை உணர்த்தும்.

இப்பருப்பைச் சிறிதளவு உண்போர் அனைவரும் முடமாவதில்லை. பல வாரங்களுக்கு, வேறு தானியமின்றி, இதுவே முதன்மை உணவாகும்போதுதான் ஆபத்து நேர்கிறது. சாகர் பகுதியில் 1829 முதல் மூன்றாண்டுகள் கோதுமை விளைச்சல் பொய்த்தபின், தாக்குப்பிடித்து வளர்ந்த இப்பயிரை உண்ட இளைஞர் பலர் முடமானதை ஸ்லீமன் என்ற ஆங்கில அதிகாரி பதிவு செய்துள்ளார். வறட்சியையும் நீர்த்தேக்கத்தையும் தாங்குவது இப்பயிரின் சிறப்பு. அச்சிறப்பே பஞ்ச காலத்தில் ஏழையின் உணவை இதற்குள் சுருக்கிவிடுகிறது. மத்தியப் பிரதேசத்தின் ரீவா பகுதியில் கொத்தடிமைத் தொழிலாளர்களுக்கு இப்பருப்பே கூலியாக அளக்கப்பட்டதும் உண்டு.

உணவுக் கலப்படத் தடை விதிகளின் கீழ் 1961-இல் இதன் விற்பனையைத் தடை செய்ய வழி வகுக்கப்பட்டது. அதை எந்நாள் முதல் செயற்படுத்துவது என்பது மாநிலங்களின் அறிவிக்கைக்கு விடப்பட்டது. தடை நகர நுகர்வோரைக் கலப்படத்திலிருந்து காக்க உதவும். ஆனால் தன் நிலத்தில் விளைந்ததை உண்டவனும், கூலியாகப் பெற்றதை உண்டவனும் சந்தைக்கே வரவில்லை. விற்பனையைத் தடுக்கும் விதி அவன் அடுப்பை எட்டவில்லை.

அவனை எட்டியவை வேறு நடவடிக்கைகள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் இயற்றப்பட்டது. பாசன வசதியும் நியாய விலைக் கடைத் தானியமும் மாற்று உணவை அளித்தன. தில்லி பூசாவிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் நச்சு குறைந்த ‘பூசா-24’ என்ற இரகத்தையும், பின்னர் திசு வளர்ப்பு முறையில் ‘ரத்தன்’ என்ற இரகத்தையும் உருவாக்கியது. பருப்பை வெந்நீரில் ஊறவைத்து நீரை வடித்துவிட்டால் நஞ்சின் பெரும்பகுதி நீங்கும். ஆயினும் நீரும் விறகும் அரிதாகும் வறட்சிக் காலத்தில் அதை மட்டும் நம்பியிருக்க இயலாது.

நச்சு குறைந்த இரகங்கள் வந்தபின், தடையை விலக்கலாமா என்ற கேள்வி எழுந்துள்ளது. விதையில் நஞ்சு எத்தனை விழுக்காடு என்பதை ஆய்வுக்கூடம் கூறும். அதை உண்பவருடைய தட்டில் வேறு தானியம் உண்டா, அவருடைய கூலி பணமாகக் கிடைக்கிறதா, வறட்சி ஆண்டில் நியாய விலைக் கடை திறந்திருக்கிறதா என்பவற்றை மாவட்ட நிர்வாகமே கூற வேண்டும். இரு விடைகளையும் ஒருங்கே பெற்றபின் எடுக்கப்படும் முடிவே உழவருக்கும் உழைப்பாளருக்கும் பாதுகாப்பாக அமையும்.