மூளையில் ஒரு வெண்புள்ளி
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் நான்காம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு வலிப்பு வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், மூளையில் கால்சியம் படிந்த சிறு புள்ளி இருப்பதாகச் சொன்னார். "இனிமே ஸ்கூலுக்கு அனுப்பலாங்களா டீச்சர்?" என்று அவளுடைய அம்மா கேட்டார். "தாராளமா அனுப்புங்கம்மா" என்றேன். அப்படித் துணிந்து சொல்ல நாம் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

இத்தகைய புள்ளிக்குக் காசநோய், பிறவிக் கோளாறு எனப் பல காரணங்கள் இருக்கலாம். நம் நாட்டில் அடிக்கடி காணப்படுவது பன்றி நாடாப்புழு. குடலில் அப்புழு உள்ளவரின் மலத்தில் முட்டைகள் வெளியேறும். கழுவாத கை, அசுத்தமான நீர், கழுவாத காய்கறி வழியாக அவை பிறர் வயிற்றுக்குள் செல்லும். அதனால் சைவ உணவு உண்பவருக்கும் வரலாம். இளம்புழு இரத்தத்தின் வழியே மூளைக்குச் சென்று தங்கி, பின்னர் இறந்துபோகும். அந்த இடத்தில் கால்சியம் படியும். சி.டி. ஸ்கேனில் அது எலும்பைப் போல வெள்ளையாகத் தெரியும். பல ஆண்டுகள் கழித்தும் அந்தத் தழும்பு வலிப்பைத் தூண்டலாம். வலிப்பு சாபமன்று, தொட்டால் ஒட்டுவதுமன்று.

வகுப்பில் வலிப்பு வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். பெஞ்சுகளை நகர்த்திவிட்டு, குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாவி, இரும்பு எதையும் கையில் திணிக்க வேண்டாம். வாயில் எதையும் வைக்கவோ தண்ணீர் ஊற்றவோ கூடாது. அழுத்திப் பிடிக்கவும் கூடாது. 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

எந்தக் கை முதலில் துடித்தது, கண்கள் எந்தப் பக்கம் திரும்பின, எவ்வளவு நேரம் நீடித்தது என எழுதிப் பெற்றோரிடம் கொடுங்கள். மருத்துவர் வலிப்பை நேரில் பார்ப்பது அரிது, பார்த்தவர்கள் நாம்தான். சில நொடிகள் மட்டும் வெறித்துப் பார்த்து நிற்பதும் வலிப்பாக இருக்கலாம். கவனக்குறைவு என்று அதட்டிவிடாமல், பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள்.

இன்னொன்று முக்கியம். குடற்புழு நீக்க நாளில், வலிப்பு உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்ட பிறகே அல்பெண்டசோல் கொடுக்க வேண்டும். மூளையில் உயிருள்ள புழுக்கட்டி இருந்தால், அம்மாத்திரை அதைச் சுற்றி வீக்கத்தை உண்டாக்கி வலிப்பைத் தூண்டக்கூடும். வலிப்பு மாத்திரையையோ, "நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டில் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

கழிப்பறையில் தண்ணீரும், கை கழுவுமிடத்தில் சோப்பும் இன்று இருக்கின்றனவா என்று தினமும் பார்ப்போம். இந்த நோயைத் தடுக்கும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.