டிராக்டரில் கியர் விழவில்லையா? பெட்டியைப் பிரிக்கும் முன் பாருங்கள்

சேறு கலக்கும் நேரத்தில் டிராக்டர் நின்றுவிட்டால் என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாற்று வயது ஏறிக்கொண்டே போகும், வாய்க்காலில் முறைத் தண்ணீர் போய்விடும், நடவாட்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். இந்தச் சமயம் பார்த்துத்தான் “கியர் விழ மாட்டேங்குது சார், கரகரன்னு கத்துது” என்று வருவார்கள். உடனே யாராவது ஒருவர் “கியர் பாக்ஸ் போச்சு, இறக்கித்தான் பார்க்கணும்” என்று சொல்லிவிடுவார். அப்படி இறக்கினால் டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். நாலைந்து நாளும் ஒரு போகத்துச் செலவும் அதிலேயே போகும். கோளாறு பெட்டிக்குள்தானா என்று முதலில் தெரிந்துகொள்ளலாமே! அதற்குக் கருவி எதுவும் வேண்டாம், கால் மணி நேரம் போதும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்ச்சை முழுக்க மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டினால் ஒரு தடவை விழாது. கிளட்ச்சை விட்டு மிதித்து மறுபடி போடுங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது எல்லாக் கியரும் சுகமாக விழுந்து, ஓடும்போது மட்டும் கத்தினால் கியர் பெட்டியின் மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் அது கிளட்ச் கோளாறு. எஞ்சின் நின்றிருக்கும்போதும் லிவர் முரண்டு பிடித்தால்தான் லிவரின் அடிப்பகுதி, ஃபோர்க், பெட்டியின் உட்புறம் என்று சந்தேகப்பட வேண்டும்.

காரணம் எளிது. எஞ்சின் சுற்றுவதைக் கியர் பெட்டிக்குக் கொண்டுபோவது கிளட்ச் பிளேட். பெடலை மிதித்தால் அந்தப் பிடி முழுசாக விட வேண்டும். அரைகுறையாக விட்டால் உள்ளே பல்சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றுகிற பல்லில் நிற்கிற பல்லைக் கொண்டுபோய்ச் செருகினால் கத்தாமல் என்ன செய்யும்? இதை உறுதி செய்ய இன்னொரு சோதனை உண்டு. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, நியூட்ரலில் வைத்து, பெடலை முழுக்க மிதித்து ஐந்து எண்ணுங்கள். பிறகு ரிவர்ஸ் கியரை மெல்லப் போடுங்கள். அப்போதும் கரகரத்தால் கிளட்ச் விடவில்லை. பெடலை மிதித்தும் வண்டி நகர முயன்றாலும் அதே சங்கதிதான். இதைச் செய்யும்போது வண்டிக்கு முன்னும் பின்னும் ஆள் நிற்கக் கூடாது. குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

சரி, கிளட்ச் ஏன் விடவில்லை? முதலில் பெடலுக்கு அடியில் குனிந்து பாருங்கள். சிரிக்காதீர்கள். காய்ந்த சேற்றுக்கட்டி அங்கே அடைந்து, பெடல் கடைசி வரை போகாமல் நிற்பது உண்டு. அடுத்தது பெடலின் வெற்று ஆட்டம். பெடலைக் கையால் அழுத்தினால் கொஞ்ச தூரம் இலேசாகப் போகும், பிறகு இறுகும். அந்த இலேசான தூரத்தை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். பல டிராக்டர்களில் இது 20 முதல் 35 மில்லிமீட்டர் வரை, அதாவது ஏறக்குறைய ஒரு விரலிலிருந்து இரண்டு விரல் அகலம். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கும். ஆட்டம் அதிகமானால் கிளட்ச் விடாது, கியர் கத்தும். ஆட்டமே இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கும், கருகல் வாடை வரும், ரிலீஸ் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். பெடலோடு சேர்ந்த கம்பியில் உள்ள நட்டைத் தளர்த்தி இந்த அளவைச் சரிசெய்யலாம்.

டெல்டாப் பகுதியில் ஒரு விவசாயியின் டிராக்டரை இறக்கிவிட நாள் குறித்திருந்தார்கள். பெடலில் நாலு விரல் ஆட்டம்! கம்பியைக் கோக்கும் பின் தேய்ந்து, அதன் துளையும் முட்டை வடிவமாகிக் கிடந்தது. பின்னையும் அந்தச் சிறு முள்ளையும் மாற்றி அளவு வைத்ததோடு கத்தல் நின்றது. மறுநாள் வண்டி வயலில்.

சேற்று உழவுக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பல டிராக்டர்களில் கிளட்ச் கூட்டின் அடியில் சிறு வடிகால் துளை இருக்கும். கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் இறங்கும் முன் அதை மூடி போட்டு அடைக்க வேண்டும். வேலை முடிந்து கரையேறியதும் மூடியைக் கழற்றிவிட வேண்டும். இரண்டாவதைத்தான் எல்லாரும் மறக்கிறோம். உள்ளே புகுந்த நீர் வடியாமல் நின்றால் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். பத்து நாள் மழையில் சும்மா நின்ற வண்டி திடீரென்று கியர் வாங்க மறுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நெடுநாள் நிறுத்தும்போது பெடலை மிதித்த நிலையில் மாட்டிவைக்கச் சில வண்டிகளில் கொக்கியே கொடுத்திருக்கிறார்கள். ஒட்டிக்கொண்ட பிளேட்டை விடுவிக்க நீங்களாகக் கொட்டகைக்குள் முயல வேண்டாம். அது தெரிந்த மெக்கானிக் திறந்த வெளியில் செய்ய வேண்டிய வேலை.

எண்ணெயையும் பாருங்கள். அளவுக் குச்சியில் வரும் எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். முழுக்க வடித்து மாற்றுங்கள். பல டிராக்டர்களில் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட்டுக்கும் ஒரே எண்ணெய். அதில் கையில் கிடைத்த கியர் ஆயிலையோ, எஞ்சினில் வடித்த கழிவு எண்ணெயையோ ஊற்றுவது வீண் சிக்கனம்.

எல்லாம் சரியாக இருந்தும், ஓடிக்கொண்டே கியர் மாற்றினால் சில வண்டிகள் கத்தத்தான் செய்யும். சிங்க்ரோமெஷ் இல்லாத டிராக்டரை நிறுத்திவிட்டுத்தான் மாற்ற வேண்டும். கார், ஜீப் அப்படியல்ல. ஓட்டத்திலேயே வேகத்தைச் சமப்படுத்தும் வளையம் அவற்றில் உண்டு. 1928-லேயே காடிலாக் காரில் வந்துவிட்ட ஏற்பாடு அது. காரில் ஒரே ஒரு கியர் மட்டும் கத்தினால் அந்த வளையம் தேய்ந்திருக்கலாம். எல்லாக் கியரும் முரண்டினால் அங்கேயும் கிளட்ச்சைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கடைசியாக, கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிற வண்டி. லிவரை இடத்தில் நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கலாம், பல் விளிம்பு தேய்ந்திருக்கலாம். இதற்கு மட்டும் பெட்டியைத் திறக்கத் தயங்காதீர்கள். கரும்பு ஏற்றிய டிரெய்லரோடு பாலத்துச் சரிவில் இறங்கும்போது கியர் கழன்றால் எஞ்சின் இழுத்துப் பிடிக்காது. அத்தனை பாரத்தையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும், அது தாங்காது. லிவரைக் கையால் பிடித்துக்கொண்டும் கயிற்றால் கட்டிக்கொண்டும் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பழுது பார்க்கிற வரைக்கும் அந்த வண்டியில் டிரெய்லர் மாட்டாதீர்கள், மட்கார்டில் ஆளையும் ஏற்றாதீர்கள்.