காவலுக்கும் ஒரு காவல்



கேரளத்தின் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் உழைத்து வருவதை நாம் அறிவோம். 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, அப்பகுதியிலுள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்களைக் கொண்டது. மாண்டவருள் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். பிழைப்பை நாடி ஊர் கடந்து வந்த நமக்கு அச்செய்தி அயலார் துயரமாகத் தோன்றவில்லை.

மலை சரியுமுன் சில குறிகளைக் காட்டுவதுண்டு. மண்ணில் ஊறிய நீரின் அழுத்தம் ஏறும். சரிவு கண்ணுக்குப் புலப்படாமல் அசையும். இவற்றை அளந்து, கம்பியின்றிச் செய்தி அனுப்பும் உணரிக் கருவிகளை அமிர்தா பல்கலைக்கழகத்தார் மூணாற்றில் அந்தோணியார் குடியிருப்பையொட்டிய சரிவில் பல ஆண்டுகளுக்கு முன்பே நிறுவினர். இத்தகைய வலைகளில் ஒரு கருவி அடுத்ததற்கும், அது அதற்கடுத்ததற்குமாகச் செய்தி கைமாறி நிலையத்தை அடைகிறது.

இடையிலுள்ள கருவியொன்று பகைவன் வசமானால் என்ன ஆகும்? வந்த செய்தியை அது விழுங்கிவிடலாம், பொய்யளவைப் புனைந்தனுப்பலாம், ஒன்றே பல பெயர் பூண்டு பலவாக நடிக்கலாம். செய்தியை மறைமொழியில் அனுப்பினால் போதாதோ எனின், போதாது. திறந்த வெளியில் கிடக்கும் கருவியைக் கைப்பற்றியவன் அதனுள்ளிருக்கும் திறவுகோலையும் பெற்றுவிடக்கூடும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

ஆகவே காவலுக்கும் ஒரு காவல் வேண்டியதாயிற்று. 2000-ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் நால்வர், நடமாடும் கம்பியில்லா வலைகளுக்கென 'காவல்நாய்' என்றொரு முறையை வகுத்தனர். வானொலி அலை நாற்புறமும் பரவுவது. ஆதலின், தான் கொடுத்த செய்தியை அண்டைக் கருவி மேலே அனுப்பியதா என்பதைக் கொடுத்த கருவியே செவிமடுத்து அறியலாம். பன்முறை தவறினால் ஐயம் எழும். உணரி வலைகளிலும் பின்னர் இக்கருத்து எடுத்தாளப்பட்டது.

ஆயினும் மின்கலம் தளர்ந்த கருவியும் செய்தியைத் தவறவிடும். அலைகள் மோதினும் செய்தி கெடும். பழுதையும் சூதையும் பிரித்தறிவதே இதில் அரிய பணி. எனவே ஒரு கருவியின் சான்றை மட்டும் நம்பாமல் அண்டையிலுள்ள பலவற்றின் சான்றையும் ஒப்பிடுகின்றனர். ஓயாது செவிமடுத்தால் மின்கலம் தீர்ந்துவிடுமாதலால், கருவிகள் முறைவைத்துக் காவல் புரியவும் வழி செய்கின்றனர்.

இது வெறும் பொறிநுட்பம் அன்று. பொய்யெச்சரிக்கை கேட்டு இருமுறை மழையில் ஓடியவர்கள் மூன்றாம் முறை மெய்யெச்சரிக்கை வரும்போது வீட்டைவிட்டு எழமாட்டார்கள். வரவேண்டிய எச்சரிக்கையே வழியில் மடக்கப்பட்டாலோ, எழுவதற்கும் வாய்ப்பில்லை. மலையடியில் உறங்கும் குடும்பங்களின் உயிர், அக்கருவிகள் உரைக்கும் சொல்லின் மெய்ம்மையைச் சார்ந்திருக்கிறது.