குட்டைக் கரையில் அருகு வேர்பிடிக்க
(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை வட்டாரக் கரிசல் காட்டில் பண்ணைக்குட்டை வெட்டியவர்கள் பலர் உண்டு. குட்டை வெட்டியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. மொட்டைக் கரையில் மழை அடித்தால் ஓடை ஓடையாக அரித்துவிடும். அரித்த மண் குட்டைக்குள்ளேயே படியும். பணம் செலவழித்துத் தோண்டிய ஆழம் தூர்ந்துபோகும். இதற்கு நம்ம கைக்கு எட்டிய காவல் அருகம்புல்தான்.

"அருகு வச்சோம், பத்து நாளில் கருகிப்போச்சு" என்று சிலர் சொல்வதுண்டு. குறை புல்லில் இல்லை. இயந்திர வாளி தட்டி அமுக்கிய களிமண் செங்கல் போல இறுகிக் கிடக்கிறது. ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் சரிவில் ஓடிவிடுகிறது. வேருக்கு ஈரமும் இல்லை, காற்றும் இல்லை. அதற்காகக் கரையை ஆழமாகக் கொத்திவிட்டால் கரையே பலமிழந்துவிடும். ஆகவே, கரையின் உடம்பு இறுக்கமாகவே இருக்கட்டும். தோலை மட்டும் இளக்குங்கள். இதுதான் சூட்சுமம்.

களைக்கொத்தால் இரண்டு அங்குலம் மட்டும், சரிவுக்குக் குறுக்காகக் கொத்துங்கள். மக்கிய தொழு உரத்தையும் பொடிமண்ணையும் கலந்து ஓர் அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். களிமண்ணில் கொஞ்சம் மணலைச் சேர்த்தால் இளகிவிடும் என்பது தவறு, இன்னும் கெட்டிப்படும். ஜிப்சம் களர் மண்ணுக்குத்தான் மருந்து. மண் பரிசோதனை செய்யாமல் வாங்கிப் போட வேண்டாம்.

கோரைக்கிழங்கு இல்லாத இடமாகப் பார்த்து, ஓர் அடிச் சதுரமாக, இரண்டு அங்குல மண்ணோடு புல் பத்தைகளைப் பெயர்த்து வாருங்கள். வெயிலில் போட்டு வைக்காமல் அன்றைக்கே பதித்துவிட வேண்டும். கீழிருந்து மேலாக, செங்கல் வரிசை போல இணைப்பு மாறி மாறி வரும்படி வைத்து, மரக்கட்டையால் லேசாகத் தட்டுங்கள். பத்தைக்கு அடியில் இடைவெளி இருந்தால் வேர் இறங்காது. செங்குத்தான இடத்தில் மூங்கில் முளை அடித்து நிறுத்துங்கள்.

இனி தண்ணீர். முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் பூவாளியால் தெளியுங்கள். ஒரேயடியாக ஊற்றாதீர்கள். கொஞ்சம் ஊற்றி, அது இறங்கியபின் மறுபடி ஊற்றுங்கள். பத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள்: அடிமண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாக இருக்கக் கூடாது. ஓரம் சுருண்டால் தண்ணீர் போதவில்லை. மஞ்சளடித்து, அடியில் அழுகல் வாடை வந்தால் தண்ணீர் அதிகம். மெதுவாக இழுத்துப் பார்க்கும்போது பத்தை வராவிட்டால் வேர் பிடித்துவிட்டது என்று பொருள். அதன்பின் நாள் விட்டு, பிறகு வாரம் இருமுறை என்று குறைத்து, ஆழமாக நனையும்படி விடுங்கள். அப்போதுதான் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும்.

நான்கு வாரம் கழித்து, வெளிச்சரிவுக்கு மட்டும் சென்டுக்குக் கால் கிலோ யூரியா தூவித் தண்ணீர் தெளித்தால் போதும். இரண்டு மாதம் வரை ஆடு மாடு ஏறவிடாதீர்கள். ஈரக் களிமண்ணில் குளம்பு பட்டால் இளக்கிய தோல் மறுபடி இறுகிவிடும். பிறகும் மேய விடுவதைவிட அறுத்துப் போடுவதே நல்லது.

"அருகு காட்டுக்குள்ளே இறங்கிட்டா யார் ஒழிக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். கரையடிக்கும் பயிருக்கும் நடுவே ஒன்றரை அடி வெறும் நிலம் விடுங்கள். அதைத் தாண்டும் கொடிகளைப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை மண்வெட்டியால் வெட்டி மாட்டுக்குப் போடுங்கள். உழுது மடக்காதீர்கள், ஒவ்வொரு கணுவும் ஒரு செடியாகிவிடும்.

ஆவணியில் பதித்தால், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் வேர் பிடித்துவிடும். தண்ணீர் வசதி குறைந்தவர்கள் முழுக் கரைக்கும் ஆசைப்பட வேண்டாம். நீர் நுழையும் வாய்க்கும் மறுகாலுக்கும் இருபக்கம் முதலில் பதியுங்கள். அரிப்பு தொடங்குவது அங்கேதான். மிச்சத்தை அந்த அருகே அடுத்த வருஷம் படர்ந்து மூடிக்கொள்ளும்.