கல்குளமா, திருவட்டாறா?

ஆன்லைனில் பட்டா பார்க்கப் போனால், தாலுகா பெயரை நம்மை எழுத விடாது; பட்டியலில் தொட்டுத்தான் எடுக்கணும். காரணம் இருக்கு. தோவாளையை ஒருத்தர் 'தோவாளெ'ன்னு எழுதினால் கணினிக்கு அது வேறு ஊர். அதனால்தான் தரவுத்தளத்தில் தாலுகா பெயர்களைத் தனி அட்டவணையாக வைத்து, அதில் இல்லாத பெயர் உள்ளேயே நுழையாதபடி பூட்டுவார்கள். கிராமங்களையும் அந்தந்தத் தாலுகாவோடு பிணைத்துவிடுவார்கள்.

1956-ல் நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தப்போ நாலு தாலுகா, இப்போ ஆறு. கல்குளத்திலிருந்து திருவட்டாறும், விளவங்கோட்டிலிருந்து கிள்ளியூரும் பிரிந்தன. பழைய பத்திரத்தைப் பார்த்துக் கல்குளம் என்று தொட்டால் கணினி ஏற்கும், அதுவும் செல்லுபடியாகும் பெயர்தானே! ஆனா உங்க கிராமம் அதில் இல்லாமல் போகலாம். நிலம் போச்சோன்னு பதறாதீங்க; திருவட்டாறைத் தொட்டுப் பாருங்க.