கேமராவைத் தூக்கிப் போடாதீர்கள்

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டம் முடிந்தபின், உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு என்று இரண்டு மணி நேரம் பேசிக் களைத்திருக்கிறீர்கள். செயலாளர் எனக்குக் கால் மணி நேரம் கொடுத்திருக்கிறார். சுண்டல் வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

போன முறை நம் குடியிருப்பில் மின்கழிவு சேகரித்தோமே, அந்தப் பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது நானும் கூட இருந்தேன். பழைய மிக்ஸி, செத்துப்போன யுபிஎஸ், ஒரு மூட்டை சார்ஜர். அவற்றுக்கு நடுவே மூன்று ஹேண்டிகேம். ஒன்றின் பேட்டரி உப்பிப்போய் இருந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, என் வீட்டு அடாப்டரைச் செருகிப் பார்த்தேன். மூடி திறந்தது. உள்ளே ஒரு கேசட்.

யாருடையது என்று விசாரித்ததில் சி பிளாக் அம்மா ஒருவருடையது என்று தெரிந்தது. அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். "அதில் ஒன்றும் இருக்காது சார், பையன் சின்னவனா இருக்கும்போது எடுத்தது, என் வீட்டுக்காரர்தான் எப்பவும் கேமராவும் கையுமாத் திரிவார்" என்றார். அவர் கணவர் இறந்து ஏழு வருடம் ஆகிறது. கேசட்டைப் போட்டுக் காட்டினேன். அம்பத்தூர் ஏரிக்கரையில் பையன் சைக்கிள் பழகுகிறான். ஒரு மணி நேரப் படத்தில் கணவர் ஓரிடத்தில்கூட இல்லை. ஆனால் குரல் இருக்கிறது. "காலை ஊன்றாதே, மிதி, மிதி, நான் பிடிச்சிருக்கேன்" என்கிறார். கேமரா பிடிப்பவர் மைக்குக்கு மிக அருகில் இருப்பவர் அல்லவா, அதனால் மற்ற எல்லோரையும்விட அவர் குரல்தான் தெளிவாகக் கேட்கிறது. அந்த அம்மா திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த கேமரா மறுநாள் நொறுக்கப்பட்டிருக்கும். அதனால்தான் இந்தப் பேச்சு.

கேசட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று பலரும் சொல்கிறீர்கள். கேசட் இருந்தால் போதாது, அதை ஓட்டும் கருவி வேண்டும். டெக் வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி விடிய விடியப் படம் பார்த்த தலைமுறை நாம். விசிஆர் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. கேசட் போடும் கேம்கார்டரும் இன்று புதிதாக வருவதில்லை. 2015-இலேயே ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம், காந்த நாடாவில் இருப்பதை 2025-க்குள் மாற்றாவிட்டால் பெரும்பகுதி கைவிட்டுப் போகும் என்று எச்சரித்தது. அந்த வருடம் வந்து போய்விட்டது. நாசா கதை இன்னும் வேடிக்கை. 1969-இல் நிலவில் இறங்கிய காட்சியின் மூல டேப்புகளே அழிக்கப்பட்டு, மறுபடி பதிவு செய்யப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று 2009-இல் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். தொலைக்காட்சி நிலையங்களிடம் இருந்த பிரதிகளை வைத்துத்தான் ஒப்பேற்றினார்கள். நம் வீட்டுக் கல்யாண கேசட்டுக்கு அப்படி வேறு பிரதி எங்கே இருக்கிறது?

சரி, வேலைக்கு வருவோம். முதலில் உங்களிடம் இருப்பது எந்த கேசட் என்று பாருங்கள். புத்தகம் போலப் பெரியது விஎச்எஸ். ஆடியோ கேசட் அளவில், கொஞ்சம் தடிமனாக இருப்பது 8 மில்லிமீட்டர். இதில் வீடியோ 8, ஹை 8, டிஜிட்டல் 8 என மூன்று உண்டு, அச்சு அசல் ஒரே அளவு. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது மினி டிவி. இவற்றில் மினி டிவியும் டிஜிட்டல் 8-உம் பிறக்கும்போதே டிஜிட்டல். மற்றவை அனலாக்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், டிஜிட்டல் கேசட்டில் இருப்பதை அப்படியே, ஒரு துளி குறையாமல் கணினியில் இறக்கலாம். அதற்கு ஃபயர்வயர் என்ற கேபிள் வேண்டும். சோனி கேமராவில் ஐ-லிங்க் என்று எழுதியிருக்கும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை உள்ள டிவி கேபிளிலும் எடுக்கலாம்தான். ஆனால் தரம் போய்விடும், கூடவே இன்னொன்றும் போய்விடும். டிஜிட்டல் கேசட்டில் ஒவ்வொரு காட்சியும் எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஃபயர்வயரில் எடுத்தால் அதுவும் சேர்ந்து வரும். ஏரிக்கரைப் படம் 2003 மே மாதம், காலை ஆறே முக்கால் என்று நமக்குத் தெரிந்தது அப்படித்தான். வாங்கிய அன்று கேமராவில் கடிகாரம் சரிசெய்த புண்ணியவானுக்கு நன்றி. பாதிப் பேர் அதைச் செய்வதில்லை.

சிக்கல், இன்றைய மடிக்கணினிகளில் ஃபயர்வயர் துளையே இல்லை. ஆப்பிள் நிறுவனம் 2025-இல் வெளியிட்ட மேக் ஓஎஸ் 26-இல் அதற்கான ஆதரவையே எடுத்துவிட்டது. ஆகவே பழைய கணினிதான் கதி. நான் ஒரு பழைய டெஸ்க்டாப்பில், ரிட்சி தெருவில் அலைந்து வாங்கிய ஃபயர்வயர் கார்டைச் செருகி, விண்டிவி என்ற இலவச மென்பொருளை வைத்திருக்கிறேன். லினக்ஸ் பழக்கமுள்ளவர்களுக்கு டிவிகிராப் இருக்கிறது. ஒரு மணி நேர கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. இடம் சுமார் 13 ஜிபி பிடிக்கும். இருபது கேசட் என்றாலும் 260 ஜிபிதான். இன்றைய ஹார்ட் டிஸ்குக்கு அது பெரிய விஷயமில்லை. சின்னதாகச் சுருக்கிய பிரதியை உறவினர்களுக்கு அனுப்புங்கள். மூலத்தை மட்டும் சுருக்காமல் வையுங்கள், இரண்டு டிஸ்கில், இரண்டு வீட்டில்.

விஎச்எஸ், ஹை 8 என்றால் யுஎஸ்பி கேப்சர் கருவி வேண்டும். மலிவானதில் போகப்போகச் சத்தம் பின்தங்கி, உதடு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கமாக வரும்; ஐந்து நிமிடம் சோதித்துப் பார்த்துவிட்டு முழு கேசட்டையும் எடுங்கள். எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சள் கேபிளைவிட அதுவே மேல். அமெரிக்காவிலிருந்து வந்த கேமரா என்டிஎஸ்சி, நம் ஊர், சிங்கப்பூர், துபாய் எல்லாம் பால் முறை. அமைப்பை மாற்றாமல் எடுத்தால் படம் கறுப்பு வெள்ளையாகவோ, உருண்டுகொண்டோ இருக்கும். கேசட் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

உண்மையாகவே பயப்பட வேண்டியது பூஞ்சைக்கு. கேசட்டின் கண்ணாடி வழியாகச் சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாகத் திருநீறு பூசியது போல் தெரிந்தால் கேமராவில் போடவே போடாதீர்கள். அது ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு, மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரணில் வைப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. 2015, 2023 டிசம்பர் மழைகளில் நனைந்த கேசட் யாரிடமாவது இருந்தால் வெயிலில் காயவைக்காதீர்கள், ஹேர் டிரையரும் வேண்டாம். அதைத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

இன்னொன்று, என் சொந்தத் தவறு. கேசட்டின் முதுகில் அழிக்காமல் காக்கும் சின்னத் தள்ளுவிசை இருக்கும். மினி டிவியில் 'சேவ்' என்று எழுதியிருக்கும். விஎச்எஸ் என்றால் ஒரு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட வேண்டும். எஸ்டேட்டில் லேத் பட்டறை நடத்திய என் அப்பா, ஆயுத பூஜையன்று மெஷினுக்குப் பொட்டு வைக்கும் காட்சி என்னிடம் இருந்தது. விசையைத் தள்ளாமல் கேசட்டைப் போட்டு, பிளே என்று நினைத்து ரெக்கார்டை அழுத்திவிட்டேன். இப்போது அப்பா குங்குமத்தை எடுக்கக் கையை நீட்டுகிறார். அடுத்த நாற்பது வினாடி என் முழங்கால். பிறகு அப்பா கையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

கடையில் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். கொடுக்கலாம், நல்லவர்கள் இருக்கிறார்கள். டிவிடி வேண்டாம், கோப்பாகக் கொடுங்கள் என்று கேளுங்கள். டிவிடியில் படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டிருக்கும், தட்டும் நாள்பட்டால் கெடும். மூல கேசட்டை எண்ணித் திருப்பி வாங்குங்கள். முக்கியமாக, சத்தத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். ஒரு கடைக்காரர் என்னிடம், "வெறும் இரைச்சலா இருக்கு சார், பின்னணியில் நல்ல பாட்டாப் போட்டுத் தரேன்" என்றார், அதுவும் இலவசமாக. சி பிளாக் அம்மாவின் கேசட் அவர் கைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

என் கணினியைச் சங்க அறையில் வைக்கச் செயலாளர் சம்மதித்திருக்கிறார். சனிக்கிழமை மாலைகளில் நான் இருப்பேன். ஒரு வீட்டுக்கு வாரத்துக்கு இரண்டு கேசட். பூஞ்சை இருக்கிறதா என்று நான் பார்த்த பிறகுதான் எதையும் உள்ளே போடுவோம். ஹார்ட் டிஸ்க் உங்களுடையது, கட்டணம் கிடையாது. முதியவர்கள் இருக்கும் வீட்டு கேசட்டுகளுக்கு முதலிடம், ஏனென்றால் படத்தில் இருப்பது யார் யார் என்று சொல்ல அவர்களால்தான் முடியும். ஓடும் நிலையில் உள்ள 8 மில்லிமீட்டர் கேமரா யாரிடமாவது இருந்தால் கடன் கொடுங்கள், என்னுடையது இருமத் தொடங்கிவிட்டது. பெயர் எழுத வாசலில் நோட்டு இருக்கிறது. சுண்டலும் வந்துவிட்டது.