கையொப்பத்தின் பாரம்
(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் காலனிப் பிள்ளைகள் சிலர் உத்தியோகத்தையே நம்பியிராமல், அரசாங்கத்துக்குச் சரக்கு வழங்கும் ஒப்பந்தத் தொழிலில் இறங்க முனைந்திருக்கின்றனர். மகிழ்ச்சிக்குரிய செய்தி. மாவும் பாலும் மிகுந்த இப்பங்காருபாளையம் வட்டாரத்தில் அதற்கு வழியும் உண்டு. ஆதலின், ரயில்வே குமாஸ்தாவாகிய நான் ஒப்பந்தக்காரரின் பொறுப்பைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

ஒப்பந்தத்தில் கையொப்பமிடுபவர் ஒருவர். சரக்கோ பத்துக் கை மாறி வருகிறது. பத்தாவது கை செய்யும் பிழைக்கும் கையொப்பமிட்டவரே விடையிறுக்க வேண்டும். இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை.

திருப்பதி லட்டு 2009-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கென வந்த நெய்யின் மாதிரிகள் 2024 ஜூலையில், குஜராத்தின் ஆனந்த் நகரில் தேசியப் பால்வள வாரியம் நடத்தும் சோதனைக் கூடத்துக்கு அனுப்பப்பட்டன. வேற்றுக் கொழுப்பு கலந்திருக்கக்கூடும் என்று அறிக்கை சுட்டிற்று. கலப்படத்தைக் கண்டறியும் கூடம் தேவஸ்தானத்தில் இல்லாததை வழங்குவோர் பயன்படுத்திக்கொண்டனர் என்றார் நிர்வாக அதிகாரி. 2024 அக்டோபர் 4 அன்று உச்ச நீதிமன்றம் ஐவர் கொண்ட புலனாய்வுக் குழுவை அமைத்தது. 2025 பிப்ரவரியில் நால்வர் கைதாயினர். ஒரு நிறுவனத்தின் பெயரில் டெண்டர் பெற்று, வேறிடத்து நெய்யை அனுப்பினர் என்பது புலனாய்வாளர் சாட்டிய குற்றம். குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். நாம் கணக்கைப் பார்ப்போம்.

பசும்பாலில் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பங்கே கொழுப்பு. ஒரு கிலோ நெய்க்குச் சுமார் 25 லிட்டர் பால் வேண்டும். அந்நெய்க்குக் குறிக்கப்பட்ட விலையோ கிலோ சுமார் 320 ரூபாய். லிட்டருக்கு 13 ரூபாய்கூட விழவில்லை! கொழுப்பெடுத்த பாலுக்கும் விலையுண்டு என்பது மெய்யே. ஆயினும், அடிமாட்டு விலையைக் கண்டால் மகிழ்வதற்கு முன் ஐயுறுவதே அறிவுடைமை.

ரயில்வேயில் பாதுகாப்பு தொடர்பான சாமான்களை வழங்கத் தகுதியுடையோரை லக்னோவிலுள்ள தரநிர்ணய அமைப்பு ஆராய்ந்து பட்டியலிடுகிறது. பல சாமான்கள் தொழிற்சாலையிலேயே பரிசோதிக்கப்பட்ட பின்னரே புறப்படுகின்றன. நேர்மை தவறும் ஒப்பந்தக்காரரை இரண்டாண்டு வரை விலக்கிவைக்க மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் இடந்தருகின்றன. சிறு முதலாளிக்கு இரண்டாண்டு என்பது வாழ்நாள் தண்டனைக்கு ஒப்பாகும்; அவரை நம்பிய தொழிலாளர் குடும்பங்களின் அடுப்பும் உடனே அணைந்துவிடும்.

ஆகவே இளைஞர்களே, கட்டுப்படியாகாத விலைக்கு டெண்டர் போடாதீர்கள். சரக்கு தருபவரின் களஞ்சியத்தை நேரில் கண்டு வாருங்கள். லாரிதோறும் வந்த நாள், எடை, இடம் ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு வரத்திலும் ஒரு மாதிரியை முத்திரையிட்டு வையுங்கள். ஒருவர் கைவிட்டால் உதவ, முன்பே சோதித்தறிந்த மற்றொருவரை வைத்திருங்கள். வாக்களித்த சரக்கு கிடைக்காதபோது வேறொன்றைக் கலந்து ஒப்பேற்றாமல், உரிய அதிகாரிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தாமதத்துக்கு அபராதம் கட்டலாம். இழந்த பெயரை எந்தப் பணத்தாலும் மீட்க முடியாது.

விதிகள் நம்மை வருத்த வந்த விலங்குகள் அல்ல. சரக்கை உண்ணப்போகும், அதை நம்பிப் பயணம் செய்யப்போகும் முகமறியா மக்களுக்கு நாம் எழுதித் தரும் உறுதிமொழி அவை. பிழைக்க வந்த ஊரில் நமக்குள்ள பெருஞ்சொத்து நாணயமே. அதைக் காத்து நம் பிள்ளைகள் வளர்க!